பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ.: எது வேலைக்கு ஆகும்? திருப்பூரிலிருந்து ஒரு விமர்சனம்

பி.காம். சி.ஏ. படித்தால் மட்டும் ஆடிட்டர் ஆகிவிட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காங்கேயம் பக்கம் இருக்கும் எங்கள் மாமா ஒருவர் மகளை மூன்று வருடம் அந்த நம்பிக்கையில்தான் படிக்க வைத்தார். அந்த சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். விண்ணப்பத்தில் இரண்டு எழுத்துதான் இருந்தது, கல்லூரியில் யாரும் விரித்துச் சொல்லவில்லை, அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கடைசி செமஸ்டர் முடிந்த வாரம் எனக்கு போன் போட்டு, "ஏனம்மிணி, பரீட்சை முடிஞ்சுது, இனி ஆபீஸ் போடறதுக்கு தாராபுரம் ரோட்டுல இடம் பாக்கட்டுமா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பெண் இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள், அதை அப்புறம் சொல்கிறேன்.

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலத்திலிருந்தே எனக்கு இந்த போன்கள் வர ஆரம்பித்துவிடும். காமர்ஸ் குரூப் எடுத்த பையனை எதில் சேர்ப்பது, பி.காமிலேயே பத்து வகை போட்டிருக்கிறார்களே எது நல்லது, பி.பி.ஏ. படித்தால் மேனேஜர் வேலை கிடைக்குமா, நேராக எம்.பி.ஏ. போகலாமா. ஒரு கிரைண்டர் வாங்கப் போனால் கல்லைத் தட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டில் எத்தனை வருடம் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்குகிறோம். பட்டப்படிப்பை மட்டும் பஸ் வசதியையும் கல்லூரி பில்டிங்கையும் பார்த்து வாங்கி வருகிறோம். அதனால் வாங்கிப் பயன்படுத்திய ஆளாகவும், வாங்கி வந்தவர்களை வேலைக்கு எடுக்கும் ஆளாகவும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் கோபி பக்கம். 2006-லிருந்து 2009 வரை பி.பி.எம். படித்தேன், எங்கள் கல்லூரியில் பி.பி.ஏ.வுக்கு அப்போது அதுதான் பெயர். அப்புறம் கோயம்புத்தூரில் இரண்டு வருடம் எம்.பி.ஏ., ஹெச்.ஆரும் மார்க்கெட்டிங்கும் சேர்ந்த இரட்டைப் பிரிவு. மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்த வருடங்கள் அவை, அப்பா மூட்டையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து பீஸ் கட்டினார். இன்றைக்குத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கையும் ஷிப்பிங் டாக்குமெண்டையும் பார்க்கும் பிரிவு என் பொறுப்பு. படித்தது ஒன்று, பார்க்கும் வேலை வேறொன்று என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த விமர்சனம் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் நம் ஊரின் கணக்கு ஒன்று இருக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே முடிவெடுத்தால் சரிப்படாது. கோயம்புத்தூரில் பம்பும் வார்ப்படமும், திருப்பூரில் பனியன், ஈரோட்டில் தறியும் மஞ்சளும், கரூரில் பெட்ஷீட், நாமக்கல்லில் முட்டையும் லாரியும், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி, பொள்ளாச்சியில் தேங்காய். இதில் வேலை தருகிற இடங்களில் பெரும்பாலானவை முதலாளியே நேரடியாக உட்கார்ந்து நடத்தும் சின்ன, நடுத்தர கம்பெனிகள். அங்கே உங்களைச் சேர்த்துக்கொண்டு ஆறு மாதம் டிரெயினிங் கொடுக்க ஆள் கிடையாது. திங்கட்கிழமை சேர்ந்தால் சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடாவுக்குள் ஏதாவது ஒரு வேலையைக் கையில் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் கீழே மார்க் போடுகிறேன்.

பி.காமில் ஆரம்பிக்கிறேன், நிறையச் சொல்ல வேண்டியது அதில்தான்.

சும்மா பி.காம். என்று இருப்பது, பி.காம். சி.ஏ., பி.காம். பி.ஏ., பி.காம். ஐ.டி., இ-காமர்ஸ், பேங்கிங் அண்ட் இன்சூரன்ஸ், கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், இன்டர்நேஷனல் பிசினஸ், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ். பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளின் சேர்க்கைப் பலகையைப் பார்த்தால் தலை சுற்றும். எதிரெதிரே வைத்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் சாமான் முக்கால்வாசி ஒன்றுதான்: பைனான்சியல் அக்கவுண்டிங், கார்ப்பரேட் அக்கவுண்டிங், காஸ்டிங், வருமான வரி, கம்பெனி சட்டம். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் நாலைந்து பாடம் மாறும். அதனால் பெயரைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். கல்லூரிக்குப் போனால் பாடத்திட்டத்தை வாங்கி ஆறு செமஸ்டருக்கும் கணக்குப் பாடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறையக் குறைய நான் யோசிப்பேன்.

என் பார்வையில் இவற்றில் கெட்டியானது பி.காம். பி.ஏ. இந்த பி.ஏ. என்பது புரொஃபஷனல் அக்கவுண்டிங். ஆடிட்டர் ஆக வேண்டும் என்ற எண்ணம் நிஜமாகவே உள்ள பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் இதில் சேருங்கள், பாடங்கள் ஆடிட்டருக்கான சி.ஏ. (சார்ட்டர்டு அக்கவுண்டன்சி) பாடங்களோடு ஒட்டிப் போகும். எந்த பி.காமாக இருந்தாலும் 55 சதவீதம் எடுத்திருந்தால் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதாமலேயே நேராக இன்டர்மீடியட்டில் நுழையலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. 2023-ல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் இருந்து செய்யும் பயிற்சி, மூன்று வருடத்திலிருந்து இரண்டு வருடமாகக் குறைந்துவிட்டது. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், சேலம் நான்கிலும் ஆடிட்டர்கள் சங்கத்தின் கிளைகள் இருக்கின்றன, சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

சி.ஏ. கடினம்தான், எல்லோரும் முடிப்பதில்லை. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். பாதியில் நின்றவர்களுக்கும் இங்கே மதிப்பு இருக்கிறது. "சி.ஏ. இன்டர் ஒரு குரூப் முடிச்சிருக்கறனுங்க, ரெண்டு வருஷம் ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தனுங்க" என்று ஒரு பையன் வந்தால் அவனுக்கு நான் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை, எப்போது வந்து சேர்கிறாய் என்றுதான் கேட்பேன். அவன் ஆடிட்டர் ஆபீசில் இருபது கம்பெனியின் கணக்கைப் பார்த்திருப்பான். எந்த முதலாளி எங்கே தப்பு செய்வார் என்றுகூடத் தெரிந்திருக்கும். சி.எம்.ஏ. என்கிற காஸ்ட் அக்கவுண்டன்சியும் அப்படித்தான், பட்டம் வாங்கியவர்கள் நேராக இன்டரில் சேரலாம், ஸ்பின்னிங் மில், வார்ப்பட ஆலை உள்ள ஊர்க்காரர்கள் அதை ஏன் இவ்வளவு குறைவாக எடுக்கிறார்கள் என்று எனக்கு வருத்தமே உண்டு. ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு செலவானது என்று சரியாகச் சொல்லத் தெரிந்த ஆளுக்கு இந்த ஊரில் வேலை இல்லாமல் போகாது.

சாதாரண பி.காமும் பி.காம். சி.ஏ.வும் எனக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பி.காம். சி.ஏ.வில் டேட்டாபேஸ், புரோகிராமிங் என்று சிலது சேர்ந்து வரும். அதனால் சாஃப்ட்வேர் கம்பெனியில் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிச் சேராதீர்கள். ஆனால் கம்ப்யூட்டருக்குப் பயப்படாத கணக்கு ஆள் என்ற வகையில் அது நல்லதுதான்.

இந்தக் கணக்குப் படிப்புக்கு ஏன் இவ்வளவு மார்க் போடுகிறேன் என்றால், 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து எங்கள் ஆபீசின் நாட்காட்டியே மாறிவிட்டது. மாதம் 11-ம் தேதிக்குள் விற்ற கணக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1, 14-ம் தேதி நாம் வாங்கிய பில்களின் பட்டியலான 2பி வரும், நமக்கு நூல் விற்றவர், சாயம் போட்டுக் கொடுத்தவர், எம்ப்ராய்டரி செய்தவர் எல்லோரும் பில்லை ஏற்றியிருக்கிறார்களா என்று வரிவரியாக ஒப்பிட வேண்டும், ஏற்றாதவருக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டும், 20-ம் தேதிக்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி. ஒரு டி-ஷர்ட் எங்கள் ஊரில் நூலாக ஆரம்பித்து நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று நாலைந்து ஜாப் ஒர்க் கம்பெனி ஏறி இறங்கித்தான் கட்டிங் டேபிளுக்கு வரும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சலான், ஒரு பில். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அப்புறம் 43பி(ஹெச்) என்று வருமான வரியில் ஒரு பிரிவு வந்தது. குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அது தாண்டி மார்ச் முடிவில் பாக்கி நின்றால் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. 60 நாள், 90 நாள் கடனில் பழகிய ஊர் இது. அது வந்த முதல் மார்ச் மாதம் எங்கள் ஆபீசில் லைட் அணைந்ததே இரவு பதினோரு மணிக்குத்தான்.

இந்த வேலையை எல்லாம் ஒரு பி.காம். பட்டதாரி டேலியும் எக்ஸெலும் ஒழுங்காகத் தெரிந்தால் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வான். வேறு பிரிவில் படித்தவருக்கு அதே இடத்துக்கு வர இரண்டு வருடம் ஆகும். எனக்கு ஆனது. 5-க்கு மார்க் போடச் சொன்னால் பி.காம். பி.ஏ.வுக்கு நாலரை, மற்ற பி.காம்களுக்கு நாலு.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இன்டர்வியூவுக்கு வரும் பத்துப் பேரில் ஏழு பேருக்கு டேலியைத் திறக்கத் தெரியாது, 80 சதவீதம் மார்க் இருக்கும். "கிரெடிட் நோட் எப்பப்பா போடுவாங்க?" என்று கேட்டால் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வார்கள், ஒரு பில்லைக் கையில் கொடுத்து என்ட்ரி போடு என்றால் கை நிற்கும். டேலி பெங்களூரு கம்பெனியின் சாஃப்ட்வேர், 1986-லிருந்து இருக்கிறது, இந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அதுதான் ஓடுகிறது. அப்படியிருந்தும் மூன்று வருடத்தில் ஒரு செமஸ்டர் லேபோடு முடித்துவிடுகிறார்கள். இது பிள்ளைகளின் குற்றமில்லை. ஆனால் அவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள். லீவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் போய் சும்மாவாவது உட்காரச் சொல்லுங்கள்.

பி.பி.ஏ. பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். மூன்று வருடம் மேனேஜ்மென்ட் தத்துவம், ஆர்கனைசேஷனல் பிஹேவியர், மார்க்கெட்டிங், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் சட்டம். எல்லாம் நல்ல பாடங்கள்தான், பேசப் பயம் போனது அங்கேதான், ஆங்கிலத்தில் நாலு பேர் முன்னால் நின்று ஒரு விஷயத்தை விளக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2009-ல் பெருந்துறை பக்கம் ஒரு ஆலைக்கு இன்டர்வியூ போனபோது, "கண்ணு, பேங்க் ரீகன்சிலியேஷன் போடத் தெரியுமா?" என்று அங்கிருந்த பெரியவர் அன்பாகத்தான் கேட்டார், நம் கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒத்துப் பார்ப்பதுதான் அது. தெரியாது என்றேன். அதோடு முடிந்தது. மேனேஜ் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள், ஆனால் இருபது வயதுப் பெண்ணிடம் யார் எதை மேனேஜ் செய்யக் கொடுப்பார்கள்?

அதே பி.பி.ஏ. என் வகுப்பில் படித்த ஒரு பையனுக்கு அருமையாக வேலை செய்தது. அவன் அப்பாவுக்குச் சத்தியமங்கலம் பக்கம் உரக்கடை. படித்து முடித்த மறுவாரமே கல்லாவில் உட்கார்ந்தான், இரண்டாவது கிளை, அப்புறம் சொட்டுநீர்ப் பாசன ஏஜென்சி என்று வளர்த்தான். கற்றதைப் போட்டுப் பார்க்க அவனுக்கு ஓர் இடம் இருந்தது. சொந்தத் தொழில் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும், கட்டாயம் நல்ல இடத்தில் எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன் என்ற உறுதி உள்ளவருக்கும் பி.பி.ஏ. சரி. வேலைக்கு மட்டுமே என்றால் 5-க்கு இரண்டரை. 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ.வும் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்துவிட்டது, சேரும் கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.பி.ஏ.விலேயே லாஜிஸ்டிக்ஸ் என்று ஒன்று இப்போது நிறையக் கல்லூரிகளில் வந்திருக்கிறது. கூடவே பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸ். இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். வெளியில் இருப்பவர்கள் லாஜிஸ்டிக்ஸ் என்றால் லாரி ஆபீஸ் என்று நினைக்கிறார்கள். நாமக்கல், சங்ககிரியில் லாரி ஆபீசும் நல்ல தொழில்தான், அது வேறு விஷயம். திருப்பூரில் ஒரு கண்டெய்னர் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏற எத்தனை காகிதம் வேண்டும் தெரியுமா? இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், பையர் கேட்கும் சர்டிபிகேட்டுகள், பணத்துக்கு பையரின் பேங்க் தரும் உறுதிக் கடிதமான எல்.சி. இருந்தால் அதிலுள்ள ஒவ்வொரு எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். எல்.சி.யில் ஒரு மாதிரியும் இன்வாய்ஸில் ஒரு மாதிரியும் பையர் பெயர் இருந்தால் பேங்க் டாக்குமெண்டைத் திருப்பிவிடும், பணம் நிற்கும், பணம் நின்றால் சனிக்கிழமை சம்பளம் இழுபடும். எஃப்.ஓ.பி.க்கும் (கப்பல் வாடகை சேராத விலை) சி.ஐ.எஃப்.க்கும் (வாடகையும் இன்சூரன்ஸும் சேர்ந்த விலை) வித்தியாசம் தெரியாமல் ரேட் பேசினால் கப்பல் வாடகை நம் தலையில் விழும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே நின்ற ஆறு நாளும், அதற்குப் பிறகு வாடகை ஏறிய மாதங்களும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன, டாக்குமெண்டேஷன் தெரிந்த ஒரு ஆளுக்கு எவ்வளவு மதிப்பு என்று எல்லா முதலாளிக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அதனால் இந்தப் பிரிவுக்கு நான் மூன்றரை கொடுப்பேன், ஒரு நிபந்தனையோடு. கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசிலோ இருகூர் கண்டெய்னர் டிப்போ பக்கமோ பிள்ளைகளை அனுப்பி இன்டர்ன்ஷிப் செய்ய வைக்கும் கல்லூரியாக இருக்க வேண்டும். நாலு சுவருக்குள்ளேயே சப்ளை செயின் படம் வரைந்து காட்டி முடித்துவிட்டால் இரண்டுகூடத் தேறாது.

எம்.பி.ஏ.வுக்கு வருகிறேன். இங்கேதான் எங்கள் வீட்டுப் பணமும் போனது.

நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். சேரும்போது வாசலில் பெரிய பேனர், நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று. 2011-ல் கடைசி செமஸ்டரில் வந்த வேலை, கமிஷன் அடிப்படையில் இன்சூரன்ஸ் விற்பது, நாற்பது பேருக்கும் அதே ஆஃபர் லெட்டர். அந்த வருடம் திருப்பூரே கலங்கிப்போய் இருந்தது. நொய்யல் மாசுக்காக ஜனவரி கடைசியில் உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டு 700-க்கு மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட வைத்த நேரம், புது ஆளை எடுக்கும் நிலையில் யாரும் இல்லை. அதில் கல்லூரியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேனரைக் குறை சொல்லலாம். நான் ஒரு சின்ன கம்பெனியில் மாதம் 7,000 ரூபாய்க்கு அக்கவுண்ட்ஸ் உதவியாளராகச் சேர்ந்தேன், என் பக்கத்து மேஜையில் பி.காம். மட்டும் படித்த பெண் என்னைவிட இரண்டாயிரம் அதிகம் வாங்கினாள், அவள்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தாள். அந்த அக்காவுக்கு நான் இன்றைக்கும் தீபாவளிக்குப் போன் செய்கிறேன்.

எம்.பி.ஏ. பிரிவுகளில் ஃபைனான்ஸ் என்றதும் நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் "பைனான்ஸ்" என்றால் வட்டித் தொழில், வண்டி பைனான்ஸ். அதற்கு எம்.பி.ஏ. வேண்டியதில்லை. உண்மையான ஃபைனான்ஸ் வேலை என்பது ஒரு கம்பெனிக்கு எவ்வளவு ஒர்க்கிங் கேபிடல் வேண்டும் என்று கணக்கிட்டு பேங்கில் சி.எம்.ஏ. டேட்டா (கடன் கேட்டுத் தரும் கணக்கு அறிக்கை, மேலே சொன்ன சி.எம்.ஏ. படிப்பு இல்லை) கொடுத்துக் கடன் லிமிட் வாங்குவது, டாலர் ஏற்ற இறக்கத்துக்கு ஃபார்வர்டு போடுவது, அதாவது பின்னால் வரும் டாலருக்கு இன்றே ரேட் பேசி வைப்பது. இதைச் செய்ய ஆள் வேண்டும், சம்பளமும் நன்றாக இருக்கும். ஆனால் இதற்குக் கீழே பி.காம். இருக்க வேண்டும். இன்ஜினியரிங்கோ பி.பி.ஏ.வோ படித்துவிட்டு நேராக எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் முடித்தவர்களில் எனக்குத் தெரிந்த பலர் வங்கிகளிலும் கடன் கம்பெனிகளிலும் லோன் டார்கெட்டோடு வெயிலில் அலைகிறார்கள். வங்கி என்றால் பத்திரம் என்பதும் பழைய நினைப்பு. கரூர் ஒரே ஊரில் இரண்டு வங்கிகள் பிறந்தன, 1916-ல் கரூர் வைஸ்யா, 1926-ல் லட்சுமி விலாஸ். முன்னது இன்றும் நிற்கிறது, லட்சுமி விலாஸ் 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்துபோனது. அங்கே வேலை பார்த்த ஒருவர் எங்கள் உறவில் இருக்கிறார், அந்த மாதம் அவர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஹெச்.ஆர். நான் படித்த பிரிவு என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது மோட்டிவேஷன், டேலண்ட் மேனேஜ்மென்ட். பனியன் கம்பெனியின் ஹெச்.ஆர். மேஜையில் நடப்பது பி.எஃப். 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ. தொழிலாளியிடம் 0.75, கம்பெனி 3.25, 21,000 ரூபாய் சம்பள வரம்பு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு ஹாஸ்டல், ஆதாரில் பெயர் மாறியிருப்பதால் நிற்கும் பி.எஃப். பணம், பையர் அனுப்பும் ஆடிட்டர் வந்து ஓவர்டைம் ரிஜிஸ்டரைப் புரட்டும் நாள். இந்த வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி படித்தவர்கள் எம்.பி.ஏ. படித்தவர்களைவிடப் பெரும்பாலும் பொருத்தமாக இருக்கிறார்கள். தொழிலாளியோடு உட்கார்ந்து பேசப் பழகியிருக்கிறார்கள். 1948 தொழிற்சாலைச் சட்டப்படி 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த இடத்தில் நல அலுவலர் வேண்டியிருந்தது, 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நடைமுறைப்படுத்திய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண் 250. அப்படியென்றால் இடம் கூடும். ஆனால் அந்த இடத்துக்கு என்ன படிப்பு தகுதி என்று விதியைப் பார்த்துவிட்டுச் சேருங்கள், எம்.பி.ஏ. ஹெச்.ஆர். என்றாலே போதும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தொழிலாளர் சட்டத்தில் ஒரு டிப்ளமோவும் ஹிந்தியில் பேசும் பழக்கமும் இருந்தால் ஹெச்.ஆருக்கு மூன்று, இல்லாவிட்டால் இரண்டு.

மார்க்கெட்டிங்கைச் சுருக்கமாக முடிக்கிறேன். அது பட்டத்தால் வருவதை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த சிறந்த விற்பனை ஆள் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனிக்காக ராஜஸ்தான், குஜராத் டீலர்களைப் பார்க்கிறார், படித்தது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஆபரேஷன்ஸ் பிரிவும் அப்படித்தான், டெக்ஸ்டைல் இன்ஜினியர் படித்தால் தங்கம், காமர்ஸ் படித்தவர் எடுத்தால் தையல் லைனில் அவருக்கு யாரும் காது கொடுப்பதில்லை. அனலிடிக்ஸ் என்று இப்போது எல்லாக் கல்லூரியும் போர்டு வைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் பெரிய கம்பெனிகள் வந்துகொண்டிருப்பதால் எதிர்காலம் இருக்கலாம், ஆனால் எக்ஸெலில் பிவட் போடத் தெரியாத அனலிடிக்ஸ் எம்.பி.ஏ. இரண்டு பேரைப் போன வருடம் நானே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை, இருவரும் கடன் வாங்கிப் படித்தவர்கள்.

அதனால் எம்.பி.ஏ.வைப் பொறுத்தவரை எந்தப் பிரிவு என்பதைவிட எப்போது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. டிகிரி முடித்த கையோடு, வேலை கிடைக்கவில்லை என்பதற்காகப் போகாதீர்கள். இரண்டு மூன்று வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டு, எதைக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்த பிறகு டான்செட்டோ கேட்டோ என்ற நுழைவுத் தேர்வு எழுதிப் போனால் அதே பாடம் வேறு மாதிரி உள்ளே இறங்கும். பையரின் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருந்த ஒரு தம்பி அப்படிப் போய்விட்டு வந்தான். வகுப்பில் காஸ்டிங் எடுத்தபோது அவன் மனசில் எங்கள் கம்பெனியின் ஆர்டர் ஷீட் ஓடிக்கொண்டிருந்ததாம். ரொம்ப நல்ல இடத்தில் சீட் கிடைக்கிறது என்றால் அது வேறு, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். நான் சொல்வது பேனர் வைத்து ஆள் பிடிக்கும் இடங்களைப் பற்றி.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோது எங்கள் கம்பெனியில் புது ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். மெர்ச்சண்டைசிங்கில் மூன்று இடம் காலியாகவே இருந்தது, மார்க்கெட்டிங் பக்கம் கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் எடுத்த ஒரே ஆள் கணக்குப் பிரிவுக்கு. ஆர்டர் குறைந்தாலும் ரிட்டர்ன் போட வேண்டும், ரீஃபண்ட் வாங்க வேண்டும், பேங்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு ஆள்தான் எங்கள் மாமா மகள். பி.காம். சி.ஏ. முடித்ததும் மாமா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் போய், 55 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது மாமா, அவளுக்கு ஆசை இருந்தால் இன்னும் வழி அடைபடவில்லை என்று சொன்னேன். அவளுக்கு ஆசை இருந்தது. இன்டரில் ஒரு குரூப் முடித்தாள், தாராபுரத்தில் ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருடம் இருந்தாள், இன்டர்வியூவில் நான் உட்காரவில்லை, வெளியே போய்விட்டேன், எங்கள் ஜி.எம்.தான் எடுத்தார். இரண்டாவது குரூப்புக்கு இப்போது காலையில் நாலரைக்கு எழுந்து படிக்கிறாள்.

அவள் தம்பி இந்த வருடம் பிளஸ் டூ. அவனுக்குக் கணக்கு பிடிக்காது, கப்பல், கண்டெய்னர் என்றால் கண் விரிகிறது. போன புதன்கிழமை எங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசுக்குக் கூட்டிப் போய் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வைத்தேன், ஷிப்பிங் பில் எப்படி ஏறுகிறது என்று அங்கிருந்த பையன் பொறுமையாகக் காட்டினான். திரும்பும்போது பஸ்ஸில், "அக்கா, அந்த எல்.சி.ல ஒரு எழுத்து மாறுனா நெசமாலுமே பணம் வராதுங்களா?" என்று பல்லடம் தாண்டும் வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தான். மாமா அவனுக்கு பி.காம். பி.ஏ. விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸுக்குத் திங்கட்கிழமை பீஸ் கட்டியிருக்கிறோம். கட்டுவதற்கு முன்னால் மாமா கவுண்டரில் நின்று, அந்த ஐ.பி. என்பதற்கு முழுப் பெயர் என்ன, போலீஸ் வேலையா என்று இரண்டு தடவை கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.